பேனலுக்குப் பின்னால் எத்தனை சென்டிமீட்டர்?

அந்த அபார்ட்மென்ட்டில் எல்லா வீட்டுக்கும் மின்சாரம் பிரிந்து போகிற பேனல் போர்டு, கீழே பார்க்கிங் மூலையில் வலைக்கதவு போட்ட ஓர் அடைப்புக்குள் இருந்தது. ஏதோ கருகுகிற வாடை வருகிறது என்று கூப்பிட்டிருந்தார்கள். போய்ப் பார்த்தால் பேனலுக்கு முன்னால் பெயின்ட் டப்பா, உடைந்த ஏணி, கொலுப்படி. அதையெல்லாம் இழுத்துப் போட்ட பிறகுதான் மெயின் சுவிட்சே கைக்கு எட்டியது. தீப்பிடித்திருந்தால் யார் இழுத்திருப்பார்கள்?

மெயினை இறக்கிவிட்டு, பின்பக்க இணைப்பைப் பார்க்க என் வயர்மேன் பக்கவாட்டில் நுழைந்தான். ஈ.பி.யிலிருந்து வருகிற கேபிள் முனையில் அப்போதும் மின்சாரம் இருந்தது. முழங்கை பட்டுவிட்டது. ஒரு உதறலோடு போயிற்று, பிழைத்தான். மெயினுக்கும் முன்னால், ஈ.பி. லைனில் இருக்கிற சர்வீஸ் ஃபியூஸை எடுக்கச் செய்யாமல் அவனை உள்ளே விட்டது என் தவறு, அதில் மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அவன் வெளியே வந்ததும் டேப்பை வைத்து அளந்தேன். பேனலுக்கும் சுவருக்கும் இடையே 44 செ.மீ.

செயலாளர் பக்கத்தில்தான் நின்றார். "ஒன்றரை அடி விட்டிருக்கோமே சார், போதாதா?"

போதாது என்பதைவிட, அதுதான் மோசமான அளவு. மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகள் (2010-இல் வந்தவை, 2023-இல் புதுப்பிக்கப்பட்டவை) இதை அளவோடு சொல்கின்றன. பேனலுக்கு முன்னால் குறைந்தது 1 மீட்டர் காலியிடம். பின்பக்கம் திறந்த இணைப்புகள் இருந்தால் இடைவெளி 20 செ.மீ.க்குக் குறைவாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் 75 செ.மீ.க்கு மேல். நடுவில் எதுவும் கூடாது. லைசென்ஸ் பரீட்சைக்குப் படித்தபோது இதை நானும் மனப்பாடம்தான் செய்தேன். 20 செ.மீ.யில் ஆள் நுழையவே முடியாது. 75-இல் நுழைந்தால் திரும்பலாம், ஷாக் அடித்தால் பின்னால் சாய்ந்து விலகலாம். நடுவில் உள்ள இடம் உள்ளே போகவிடும், விலகவிடாது. நெஞ்சுக்கு நேரே மின்சாரம் ஓடுகிற திறந்த உலோகப் பட்டை (பஸ்பார்), முதுகை ஒட்டி ஈரச்சுவர்.

அடுத்து அபாயப் பலகை. 250 வோல்ட்டுக்கு மேல் என்றால் பலகை கட்டாயம், மூன்று ஃபேஸ் வந்தால் ஃபேஸுக்கும் ஃபேஸுக்கும் நடுவே அந்த அளவு தாண்டிவிடும், ஆகவே அப்படிப்பட்ட எல்லா பேனலுக்கும் வேண்டும். இந்தி அல்லது ஆங்கிலத்தோடு அந்த மாவட்டத்தின் மொழியும் இருக்க வேண்டும். கூடவே மண்டையோடும் எலும்பும், ஐ.எஸ். 2551 என்ற இந்தியத் தரநிலை சொல்கிற வடிவத்தில். கடையில் கிடைக்கிறதே என்று இந்தியும் ஆங்கிலமும் மட்டும் உள்ள தகட்டை வாங்கி மாட்டிவிடுகிறார்கள். இங்கே இருந்ததும் அப்படித்தான், அதன் மேல் காலண்டர் வேறு தொங்கியது. வாட்ச்மேன் ஒடிசாக்காரர், அவருக்குத் தமிழும் தெரியாது. மண்டையோடு ஏன் என்று இனி யாரும் கேட்க வேண்டாம்.

15 மீட்டருக்கு மேல் உயரமான கட்டடம் என்றால் இன்னொன்றையும் பாருங்கள். தளம் தளமாக மின்கேபிள் ஏறிப் போகிற டக்டில் (கேபிளுக்கென்று விட்ட பாதையில்) வேறு குழாயோ கேபிளோ போகக்கூடாது, ஒவ்வொரு தளத்திலும் தீத்தடுப்பு அடைப்பு இருக்க வேண்டும். இன்டர்நெட் கேபிள் இழுக்க வந்தவர் அதில் ஓட்டை போட்டுவிட்டுப் போயிருப்பார்.

சரி, யாரை வேலைக்குக் கூப்பிடுவது? பல்பு, ஃபேன், சுவிட்ச் போன்றவற்றைப் பழையது மாதிரியே மாற்றிப்போடுவதற்குச் சட்டம் குறுக்கே நிற்கவில்லை. ஏசிக்குப் புது லைன் இழுப்பது அப்படியல்ல. அது லைசென்ஸ் பெற்ற கான்ட்ராக்டர் மூலமாக, தகுதிச் சான்றுள்ள சூப்பர்வைசர் மேற்பார்வையில் நடக்க வேண்டிய வேலை. நம் ஊரில் என்ன நடக்கிறது என்றால், வேலையை ஒருவர் முடித்துவிடுவார், கையெழுத்தும் முத்திரையும் வேறொருவரிடமிருந்து வரும். தொழிலுக்குள் இருக்கிற எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய் திறப்பதில்லை.

கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. டெஸ்ட் ரிப்போர்ட்டை வாங்கி மெகர் அளவுகளைப் பாருங்கள். மெகர் என்பது கம்பியின் மேலுறை மின்சாரத்தைக் கசியவிடாமல் தாங்குகிறதா என்று அளக்கிற கருவி. 500 வோல்ட் டி.சி. கொடுத்து ஒரு நிமிடம் அளந்தால் ஒவ்வொரு கம்பிக்கும் எர்த்துக்கும் இடையே குறைந்தது 1 மெகா ஓம் வர வேண்டும். நிஜமாக அளந்தால் சர்க்யூட்டுக்கு சர்க்யூட் எண் மாறும். எல்லா வரியிலும் ஒரே எண் என்றால் மெகர் பையை விட்டே வெளியே வரவில்லை. இந்தப் பரிசோதனை கட்டி முடித்த அன்றோடு தீர்ந்துவிடுவதும் இல்லை. ஐந்து வருடத்துக்கு மிகாத இடைவெளியில் திரும்பச் செய்ய வேண்டும். அந்தக் கட்டடத்துக்குப் பதினோரு வயது, இரண்டாவது ரிப்போர்ட் என்று ஒன்று கிடையாது.

அப்புறம் பேனலை 35 செ.மீ. முன்னுக்கு நகர்த்தினோம். முன்னால் 1 மீட்டர் விட வேண்டுமே, வலைக்கதவும் தள்ளிப் போனது. அதில் ஒரு பைக் நிறுத்தும் இடம் போய்விட்டது. பைக்காரர் இன்னும் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.