ஒட்டாவா அரங்கில் ஏன் இத்தனை நீலச் சட்டைகள்?

கனடாவின் தலைநகரான ஒட்டாவாவில் ஐஸ் ஹாக்கி ஆட்டம். உள்ளூர் அணி செனட்டர்ஸ், அதன் ரசிகர்களின் நிறம் சிவப்பு. வந்திருப்பது டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ், அதன் ரசிகர்களின் நிறம் நீலம். அரங்கைச் சுற்றிக் கேமரா திரும்பும்போது எங்கு பார்த்தாலும் நீலம். லீஃப்ஸ் ஒரு கோல் போட்டதும் எழும் சத்தத்தை டிவியில் கேட்பவர், ஆட்டம் டொராண்டோவில் நடக்கிறது என்றே நினைத்துவிடுவார். அந்த நீலத்தில் கொஞ்சம் டொராண்டோவிலிருந்து நாலரை மணி நேரம் கார் ஓட்டி வந்தது. மீதி, ஒட்டாவாவிலேயே பிறந்து வளர்ந்தது.

மாண்ட்ரியல் கனேடியன்ஸ் வரும் இரவிலும் இதே கதைதான். அவர்களுடைய ரசிகர்களின் சட்டையும் சிவப்பு என்பதால் யார் யாருடைய ஆள் என்று கண்ணுக்குத் தெரியாது. கோல் விழும்போது காதை வைத்துத்தான் பிரிக்க வேண்டும்.

சொந்த ஊரில் அணி இருக்கும்போது பக்கத்து ஊர் அணிக்குக் கை தட்டுகிறவர்கள் எப்படி உருவாகிறார்கள்? தூரத்திலிருந்து தொடங்குவோம்.

1931இல் வில்லியம் ரெய்லி என்ற அமெரிக்கர், இரண்டு நகரங்களுக்கு நடுவில் இருக்கும் ஊர்க்காரர்கள் சாமான் வாங்க எந்த நகரத்துக்குப் போவார்கள் என்பதற்கு ஒரு விதி எழுதினார். நியூட்டனின் ஈர்ப்பு விதியைக் கடைத்தெருவுக்குக் கொண்டுவந்தது போன்ற விதி அது. நகரம் பெரிதாக இருந்தால் இழுப்பு கூடும், தூரத்தின் இருமடிக்கு ஏற்பக் குறையும். ஹாக்கிக்காக எழுதப்பட்டது அல்ல. ஆனால் ரசிகர் எல்லையை முதலில் ஒரு பென்சில் கோடாகப் போட்டுப் பார்க்க இது போதும்.

2021 கணக்கெடுப்பின்படி டொராண்டோ பெருநகரில் சுமார் 62 லட்சம் பேர், ஒட்டாவாவில் ஆற்றுக்கு அக்கரையிலுள்ள கட்டினோவையும் சேர்த்து சுமார் 15 லட்சம் பேர். ஏறக்குறைய நான்கு மடங்கு. நான்கின் வர்க்கமூலம் இரண்டு. ஆகவே இரு நகரங்களுக்கும் இடையிலுள்ள 450 கிலோமீட்டர் சாலை இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் பிரிகிறது: டொராண்டோ பக்கம் 300, ஒட்டாவா பக்கம் 150. மாண்ட்ரியல் திசையில் நிலைமை இன்னும் நெருக்கடி. அங்கே 43 லட்சம் பேர், மொத்தத் தூரமே 200 கிலோமீட்டர்தான். கோடு ஒட்டாவாவிலிருந்து 75 கிலோமீட்டருக்குள் வந்து விழுகிறது.

நடுவிலிருக்கும் கிங்ஸ்டனை எடுத்துக்கொள்ளுங்கள். ஒட்டாவாவுக்கு 200 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு, டொராண்டோவுக்கு 260, மாண்ட்ரியலுக்கு 290. மூன்றையும் விதியில் போட்டால், அருகில் இருக்கும் ஒட்டாவாவின் இழுப்புதான் மூன்றிலும் குறைவாக வருகிறது. டொராண்டோ ஜெயிக்கிறது, இரண்டாவது இடம் மாண்ட்ரியலுக்கு. இந்த ஊர் பெற்ற இரு ஆட்டக்காரர்களின் வாழ்க்கையும் அப்படித்தான் போனது. கர்க் மல்லர் 1993இல் கனேடியன்ஸுடன் லீக்கின் முதன்மைக் கோப்பையான ஸ்டான்லி கோப்பையை வென்றுவிட்டுப் பிறகு லீஃப்ஸுக்கு வந்தார். டக் கில்மர் லீஃப்ஸின் கேப்டனாக இருந்துவிட்டுப் பிறகு கனேடியன்ஸுக்குப் போனார்.

அதுவரை சரி. ஆனால் இந்தக் கணக்கின்படி ஒட்டாவா நகரத்துக்குள் செனட்டர்ஸைத் தவிர வேறு யாருக்கும் இடமே இருக்கக் கூடாது. கோட்டுக்கு 150 கிலோமீட்டர் உள்ளே, அரங்கத்துக்கு நடுவிலேயே நீலச் சட்டை உட்கார்ந்திருக்கிறது. இங்கேதான் ரெய்லி கைவிடுகிறார். அவருடைய விதியில் காலம் என்று ஒன்று இல்லை.

ஒட்டாவாவுக்கு முன்பும் ஒரு அணி இருந்தது. பெயரும் அதே செனட்டர்ஸ். 1883இல் தொடங்கி, 1920களில் மட்டும் நான்கு முறை ஸ்டான்லி கோப்பை வென்ற அணி. பொருளாதாரப் பெருமந்தத்தில் கையில் காசில்லாமல் 1934இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்துக்கு மூட்டை கட்டியது. அடுத்த செனட்டர்ஸ் பனியில் இறங்கியது 1992 அக்டோபரில். நடுவில் 58 ஆண்டுகள், அதாவது இரண்டு தலைமுறைக்கு மேல்.

அந்த 58 ஆண்டுகளும் வெற்றிடமாக இருக்கவில்லை. 1931இல் டொராண்டோவில் மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் அரங்கம் திறந்தது. அதன் கூரைக்கு அருகே தொங்கிய கூண்டிலிருந்து ஃபாஸ்டர் ஹியூவிட் சனிக்கிழமை இரவுகளில் வானொலியில் ஆட்டத்தை வர்ணித்தார். நாடு முழுக்க ஆங்கிலம் பேசும் வீடுகளில் குளிர்கால சனிக்கிழமை என்றாலே அவர் குரல்தான். 1942 முதல் 1967 வரை தேசிய ஹாக்கி லீக்கில் இருந்தவை மொத்தம் ஆறே அணிகள், அதில் கனடாவுக்கு இரண்டு. ஆங்கிலக் காதுக்கு டொராண்டோ, பிரெஞ்சுக் காதுக்கு மாண்ட்ரியல். தேர்வு என்று சொல்வதற்கே பெரிதாக ஒன்றும் இல்லை. ஒலிபரப்புக் கோபுரத்துக்கு 450 கிலோமீட்டர் ஒரு தூரமும் இல்லை.

பள்ளி இயற்பியலில் காந்தத் தயக்கம் என்று ஒரு பாடம் வரும். இரும்புத் துண்டைச் சுற்றிய கம்பிச்சுருளில் மின்னோட்டம் பாய்ச்சினால் இரும்பு காந்தமாகும். மின்னோட்டத்தை நிறுத்திய பிறகும் கொஞ்சம் காந்தம் அதில் தங்கிவிடும். அதைப் போக்க வேண்டுமானால் எதிர்த்திசையில் மின்னோட்டம் பாய்ச்ச வேண்டும், அதுவும் போதுமான அளவு. ஒட்டாவா அப்படிப்பட்ட இரும்புத் துண்டு. 58 ஆண்டுகள் நீலத் திசையிலும் மாண்ட்ரியல் திசையிலும் காந்தமேறிய ஊரில் ஒரு அரங்கத்தைக் கட்டியதால் மட்டும் ஊசி திரும்பிவிடாது.

எதிர்த்திசை மின்னோட்டத்தைப் பெரியவர்கள் மேல் பாய்ச்சிப் பயனில்லை. சேத் ஸ்டீஃபன்ஸ்-டேவிடோவிட்ஸ் என்ற பொருளாதார ஆய்வாளர் 2014இல் பேஸ்புக் தரவுகளை வைத்து அமெரிக்க பேஸ்பால் ரசிகர்களை ஆராய்ந்தார். ஓர் ஆண் எந்த அணியின் ரசிகராக இருப்பார் என்பதில், அவருக்கு எட்டு வயது இருக்கும்போது கோப்பை வென்ற அணிக்குத் தனிச் செல்வாக்கு இருந்தது. பதின்பருவம் கடந்த பிறகு கிடைத்த வெற்றிகளுக்கு அந்த அளவு பிடிமானம் இல்லை. இது பேஸ்பாலின் கணக்கு, ஹாக்கிக்கு அதே வயது பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனாலும் அதை ஒட்டாவா மேல் வைத்துப் பார்ப்பது சுவையானது.

புதிய செனட்டர்ஸ் முதல் ஆட்டத்திலேயே கனேடியன்ஸை 5–3 என்று வென்றது. நல்ல தொடக்கம். அந்தப் பருவத்தை முடித்தபோது கணக்கு: 10 வெற்றி, 70 தோல்வி, 4 சமன். அப்போது எட்டு வயதான ஒட்டாவாப் பிள்ளை, அப்பா போட்டிருந்த பழைய நீலச் சட்டையையே கேட்டு வாங்கியிருந்தால் குற்றம் சொல்ல முடியுமா? பிறகு அணி தேறியது, ஆனால் 2000, 2001, 2002, 2004 என்று கோப்பைக்கான நான்கு பிளேஆஃப் தொடர்களில் டொராண்டோவிடமே தோற்றது. 2025இல் ஐந்தாவது முறையும். 2007இல் இறுதிச்சுற்று வரை போனார்கள், கோப்பை அனஹைமுக்குப் போனது.

லீஃப்ஸ் மட்டும் என்ன, 1967க்குப் பிறகு கோப்பையைத் தொடவில்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1976இல் ராபர்ட் சியால்டினியும் குழுவினரும் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் ஒன்றைக் கவனித்தார்கள். தங்கள் கல்லூரி அணி ஜெயித்தால் “நாம ஜெயிச்சோம்” என்பார்கள், தோற்றால் “அவங்க தோத்துட்டாங்க” என்று நழுவும் போக்கு தெரிந்தது. மேலோட்டமான ரசிகருக்கு இந்த நழுவல் எளிது. தாத்தாவிடமிருந்து வந்த அணியை உடையவருக்கு அது வாய்க்காது. அவர் தோற்றாலும் “நாம”தான் சொல்வார். வெற்றியால் ஒட்டிக்கொண்டவர்களைத் தோல்வி உதிர்த்துவிடும், குடும்பச் சொத்தாக வந்தவர்களை அது பெரும்பாலும் அசைப்பதில்லை.

ஒட்டாவாவின் வடக்கு எல்லையில் கணக்கு முற்றிலும் வேறு. நாடாளுமன்றக் குன்றில் நின்றால் ஆற்றுக்கு அக்கரையில் தெரிவது கட்டினோ. பாலத்தில் நடந்தே போய்விடலாம். அந்தப் பாலத்தின் நடுவில் மொழி மாறுகிறது. அக்கரை கியூபெக் மாநிலம், பிரெஞ்சு. 1955 மார்ச்சில் மாண்ட்ரியல் அணியின் நட்சத்திர ஆட்டக்காரர் மோரிஸ் ரிஷாரைப் பருவம் முடியும்வரை ஆடக் கூடாது என்று லீக் தலைவர் கிளாரன்ஸ் கேம்பல் தடுத்தபோது, மாண்ட்ரியல் தெருக்களில் கலவரமே வெடித்தது. பிரெஞ்சுக்காரரை ஆங்கிலேயர் அவமதித்ததாகவே மக்கள் எடுத்துக்கொண்டார்கள். ஒரு அணி மொழியின் முகமாகிவிட்ட இடத்தில் கிலோமீட்டருக்கு வேலையில்லை. போதாக்குறைக்கு, செனட்டர்ஸ் அரங்கம் இருப்பது நகரின் மேற்குக் கோடியிலுள்ள கனாட்டாவில், ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

குடும்பச் சொத்து இல்லாதவர்கள் யார்? புதிதாகக் குடியேறியவர்கள். 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்து கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 இலங்கைத் தமிழரை மீனவர்கள் மீட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பிறகு மாண்ட்ரியலுக்கும் டொராண்டோவுக்கும் போனார்கள். ஒரே படகில் வந்த இரண்டு குடும்பங்களின் பிள்ளைகள், எந்த ஊர் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தார்கள் என்பதைப் பொறுத்து எதிரெதிர் அணிகளின் சட்டையைப் போட்டிருக்க வாய்ப்பு உண்டு. ரெய்லியின் விதி சுத்தமாக வேலை செய்வது இப்படிப்பட்ட வீடுகளில்தான் என்பது என் ஊகம். தாத்தா இழுக்காத இடத்தில் ஊர் இழுக்கிறது.

ஊர் இழுக்காத இடத்தில் சட்டத்தால் இழுக்க முடியுமா? பெல்வில் என்ற சிற்றூரில் அந்தச் சோதனை நடந்துகொண்டிருக்கிறது. டொராண்டோவிலிருந்து சுமார் 190 கிலோமீட்டர், ஒட்டாவாவிலிருந்து சுமார் 250. ரெய்லியின் கணக்கில் அது லீஃப்ஸின் ஆழ்ந்த உள்நாடு. ஆனால் வட்டார ஒளிபரப்பு உரிமைக்காக லீக் போட்ட கோடு இங்கேதான் ஓடுகிறது. பெல்வில்லும் அதற்குக் கிழக்கேயும் செனட்டர்ஸுக்கும் கனேடியன்ஸுக்கும், மேற்கே லீஃப்ஸுக்கு. அந்தக் கோட்டின் மேலேயே 2017இல் செனட்டர்ஸ் தன் இரண்டாம் நிலை அணியைக் கொண்டுவந்து இறக்கியது. பெயர் பெல்வில் செனட்டர்ஸ். அந்த ஆண்டு அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஆட்டம் பார்க்கப் போன எட்டு வயதுப் பிள்ளைகள் இப்போதுதான் சொந்தக் காசில் சட்டை வாங்கும் வயதுக்கு வருகிறார்கள்.