‘செயற்கைப் பால்’ அல்ல, மாற்றுப்பால்

தாயிழந்த வெள்ளாட்டுக் குட்டிக்கும், மூன்று ஈன்று மடி போதாத ஆட்டின் குட்டிக்கும் கரைத்துக் கொடுக்கும் தூளுக்கு ஆங்கிலத்தில் மில்க் ரீப்ளேசர் என்று பெயர். ஒன்று இருக்கும் இடத்தில் இன்னொன்றை வைப்பது ரீப்ளேஸ். அப்படி வைக்கப்படுவது ரீப்ளேசர். சொல்லின் கதை அவ்வளவுதான். பழனி மலையில், தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் ‘புட்டிப்பால்’ என்றாலே ஆடு வளர்ப்பவருக்குப் புரியும். துண்டறிக்கை எழுதுகிறவர்கள்தான் ‘செயற்கைப் பால்’ என்பதை விடமாட்டேன் என்கிறார்கள்.

செய்தித்தாள் படிப்பவருக்குச் செயற்கைப் பால் என்றதும் யூரியாவும் சோப்புத்தூளும் கலந்த கலப்படம்தான் நினைவுக்கு வரும். இந்தத் தூளோ, தரமானதாக இருந்தால், கொழுப்பு நீக்கிய பால்தூளும், பால் திரிந்து பிரியும் தெளிநீரைக் காயவைத்த தூளும் சேர்ந்தது. பாலிலிருந்தே வந்ததைச் செயற்கை என்பது என்ன கணக்கு?

இதைவிடப் பெரிய கெடுதல், கேட்கவேண்டிய கேள்வியை அந்தப் பெயர் மறைத்துவிடுவது. புரதம் பாலிலிருந்து வந்ததா, சோயாவிலிருந்து வந்ததா? பாலின் முக்கியப் புரதமான கேசின் குட்டியின் நான்காம் இரைப்பையில் உறைந்து, சிறிது சிறிதாகக் குடலுக்கு இறங்கும். சோயாப் புரதம் அங்கே உறையாது. சரியாகப் பதப்படுத்தாத சோயாவில் செரிமானத்தைத் தடுக்கும் பொருளும் மிஞ்சியிருக்கும். குட்டி கழியும், எடை ஏறாது. ரத்தத்திலும் இது தெரியும். புரதத்தைக் கட்டும் அமினோ அமிலங்களில் ஒன்றான மெத்தியோனின் சோயாவில் குறைவு. அது போதாததால் உடல் கட்டப் பயன்படாத மற்ற அமினோ அமிலங்களைக் கல்லீரல் யூரியாவாக்குவதால் ரத்த யூரியா கூடும். நாள்பட்டால் ரத்தப் புரதமான ஆல்புமின் குறையும். ஆனால் கழிச்சலில் நீர் வற்றிய குட்டியின் ரத்தம் கெட்டியாகி, மொத்தப் புரதம் நன்றாக இருப்பதுபோல் காட்டும். யூரியாவும் நீர் வற்றலாலேயே உயரும். கண் குழி விழுந்திருக்கிறதா என்று பார்க்காமல் ரத்தப் பரிசோதனைச் சீட்டை மட்டும் நம்பக்கூடாது.

இன்னும் இரண்டு சொற்கள் உலவுகின்றன. ‘பால் மாற்றி’ என்றால் பாலை வேறொன்றாக மாற்றும் கருவி. மின்மாற்றி அப்படித்தானே வந்தது? ‘பதிலிப்பால்’ பொருளில் சரி, ஆனால் பதில் என்பதே அரபு ‘பதல்’ வழி வந்தது. மாறு, மாற்று என்று நம்மிடமே வேர் இருக்கும்போது கடன் எதற்கு?

வெறுமனே ‘பால் பவுடர்’ என்று எழுதுவோரும் உண்டு. அதைப் படித்தவர் மளிகைக் கடையில் டீக்குப் போடும் இனிப்புத் தூளை வாங்கிவருவார். இளங்குட்டியின் குடலில் சர்க்கரையைச் செரிக்கும் நொதி கிடையாது, கழிச்சல் நிச்சயம். மொழிபெயர்ப்பாளர் புட்டியைக் கையில் பிடித்ததில்லை என்பது இங்கேதான் தெரிகிறது.

மாற்றுப்பால் என்றே எழுதலாம். சுமார் 150 கிராம் தூளை வெந்நீரில் கட்டியில்லாமல் கரைத்து, 1 லிட்டராக்கி, 38 முதல் 40 டிகிரிச் சூட்டில் கொடுக்கவேண்டும். மலைக்குளிரில் புட்டி சீக்கிரம் ஆறிவிடும் என்பதால் துணி சுற்றிக்கொள்வது நல்லது. பாலுக்குத்தான் இது மாற்று, சீம்பாலுக்கு அல்ல. நோய் எதிர்ப்புப் புரதம் கருவில் குட்டிக்கு இறங்குவதில்லை; 2 கிலோ குட்டி முதல் 24 மணி நேரத்தில் 200 மில்லி சீம்பாலாவது குடிக்கவேண்டும், அதில் பாதி முதல் 6 மணி நேரத்துக்குள்.