குதிகாலில் முளைத்த எலும்பு

இந்த வாரத்தில் இவர் மூன்றாவது ஆள். ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் அக்கா, உட்கார்ந்ததும் எக்ஸ்ரேயை மேசையில் வைத்து, "குதிகால்ல எலும்பு வளந்திருக்குங்க, வெட்டி எடுத்தாத்தான் சரியாகுமாம்" என்றார். யார் சொன்னது? பக்கத்து வீட்டில்.

எக்ஸ்ரேயில் முள் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது உண்மைதான். பார்த்தால் யாருக்கும் பயம் வரும். ஆனால் வலி அதனால் வருவதில்லை. வலியே தெரியாத எத்தனையோ பேருக்கு இந்த முள் இருக்கிறது. துடிக்கிற பலருக்கு முள்ளே கிடையாது. இந்த அக்காவுக்கு வலி இடது காலில். வலது காலையும் எக்ஸ்ரே எடுத்திருந்தார்கள், அதில் இதைவிடப் பெரிய முள், அது பாட்டுக்குச் சும்மா இருக்கிறது! முள் குத்துகிறது என்றால் நடக்க நடக்க அல்லவா வலி கூட வேண்டும்? காலையில் முதல் அடி வைக்கும்போது உயிர் போகிறது, கொஞ்சம் நடந்ததும் குறைகிறது. முள் என்ன, ராத்திரி வளர்ந்து காலையில் கரைகிறதா?

பாதத்தின் அடியில் ஓடும் தடித்த நார்ப்பட்டை, குதிகால் எலும்பில் வந்து ஒட்டும் இடம்தான் வலிக்கிறது. (எல்லோரும் அதை 'நரம்பு' என்பார்கள். நரம்பு வேறு, நார் வேறு என்று சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.) அங்கே ரத்த ஓட்டம் குறைவு, அதனால் ஆற மாதக்கணக்காகும். ஆனால் பெரும்பாலானவர்களுக்குக் கத்தி படாமலே ஆறிவிடும்.

படுக்கையை விட்டு இறங்கும் முன் கால்விரல்களை உங்கள் பக்கம் இழுத்துப் பிடித்து 10 எண்ணுங்கள், 10 தடவை. அப்புறம் சுவரில் கை ஊன்றி கெண்டைக்காலை நீட்டும் பயிற்சி. டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நடக்காதீர்கள். 'வீட்டுக்குள்ள செருப்பா, மாமியார் திட்டுவாங்க' என்றால் வீட்டுக்கென்று மெத்தென்ற ஒரு ஜோடி தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். கடை ஊழியர்களுக்கு இருக்கை கொடுக்க வேண்டும் என்று 2021-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. உங்கள் கடையில் இருக்கிறதா என்று கேட்டேன். அக்கா சிரித்தார்.

ஒரு ஸ்டீராய்டு ஊசியில் வலி குறைந்தது என்று அடுத்தடுத்துக் கேட்டு வாங்கிப் போடாதீர்கள். நாரே அறுந்து போகலாம். சர்க்கரை உள்ளவர்களை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: செங்கல்லைச் சூடாக்கி எருக்கிலை போட்டு மிதிக்கும் வைத்தியம் வேண்டாம். கால் மரத்திருந்தால் சுடுவது தெரியாது. கொப்புளத்தோடுதான் வருகிறீர்கள்.

இன்னொன்று. இளவயதில், இரண்டு குதிகாலும் வலித்து, காலையில் இடுப்பும் முதுகும் அரை மணி நேரத்துக்கு மேல் இறுகிக் கிடந்து, நடமாடினால் இளகுகிறது என்றால் அது என் அறையோடு முடிகிற விஷயம் இல்லை. நாரும் எலும்பும் சேரும் இடங்களையே குறிவைக்கும் வாத நோயாக இருக்கலாம். வாதநோய் நிபுணரைப் பாருங்கள். போன வருடம் வந்த 24 வயதுப் பையன், ஆறு மாதமாகக் குதிகாலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தான். முதுகைப் பற்றி அவனிடம் அதுவரை யாருமே கேட்கவில்லை.