பெட் ஸ்கேன், கதிரியக்க அயோடின் சிகிச்சை: முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை எப்படிப் பயன்படுத்துவது?

சென்னையில் புற்றுநோய்க்கோ தைராய்டு கோளாறுக்கோ சிகிச்சை பெறுபவரிடம் மருத்துவர் பெட் சிடி ஸ்கேன் அல்லது அயோடின் சிகிச்சை என்று எழுதிக் கொடுத்தால், நோயாளி கதிரியக்க மருந்தைக் கொண்டு படமெடுக்கும், சிகிச்சை தரும் அணு மருத்துவத் துறைக்குச் செல்ல வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை அங்கே செல்லுபடியாக, திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனை என்ற பலகை மட்டும் போதாது. குறிப்பிட்ட அந்தத் துறைக்காக மருத்துவமனை அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும், எழுதிக் கொடுத்த ஸ்கேனோ சிகிச்சையோ திட்டப் பட்டியலில் இடம்பெற்றிருக்க வேண்டும், முன் அனுமதியும் கிடைத்திருக்க வேண்டும். எலும்பு அறுவை சிகிச்சைக்கு அட்டையை ஏற்கும் மருத்துவமனை இதற்கும் ஏற்கும் என்று எண்ணிப் போய்த் திரும்பி வருபவர்கள் உண்டு.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 ஜனவரி 11 அன்று நடைமுறைக்கு வந்தது. 2018-இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்துடன் இணைக்கப்பட்டது. ஆண்டு வருமானம் ரூ.1,20,000-க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை சிகிச்சைச் செலவை இத்திட்டம் ஏற்கிறது. அட்டை இல்லாதவர்கள் குடும்ப அட்டை, ஆதார், கிராம நிர்வாக அலுவலரிடம் பெற்ற வருமானச் சான்று ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுப் பதிவு மையத்துக்குச் செல்ல வேண்டும். சென்னை மாவட்டத்துக்கு அது ராஜாஜி சாலையில் உள்ள சிங்காரவேலர் மாளிகை. நோயாளியின் பெயர் குடும்ப அட்டையில் இருக்கிறதா என்பதை முதலில் பார்த்துவிடுவது நல்லது. காப்பீட்டுத் தொகை மருத்துவமனைக்கே நேராகச் செல்வதால், முதலில் கையிலிருந்து கட்டிவிட்டுப் பிறகு ரசீதைக் காட்டி வாங்கிக்கொள்ளும் வழி இதில் கிடையாது.

இதுவரை சொன்னது எல்லாத் துறைகளுக்கும் பொருந்தும். அணு மருத்துவத்தில் மட்டும் நாள் தவறினால் இழப்பு அதிகம். இங்கே மருந்தோடு சேர்த்துக் கொடுக்கப்படும் கதிரியக்கப் பொருளை வாங்கி அலமாரியில் வைத்திருக்க முடியாது. பெட் ஸ்கேனுக்குப் பயன்படும் ஃபுளூரின் 18 ஏறத்தாழ 110 நிமிடங்களில் பாதியாகத் தேய்ந்துவிடும். எலும்பு ஸ்கேன் போன்றவற்றுக்கான டெக்னீசியம் 99எம் 6 மணி நேரத்திலும், தைராய்டு சிகிச்சைக்கான அயோடின் 131 எட்டு நாட்களிலும் பாதியாகும். காலையில் வந்த மருந்து மதியம் அதே அளவில் இருக்காது என்பதால், குறித்த நாளில் அனுமதி வந்திராவிட்டால் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று துறையினரால் சொல்ல இயலாது. ஆகவே ஸ்கேனுக்கு நாள் குறிக்கும்போதே அட்டை நகலையும், மருத்துவரின் பரிந்துரையையும், திசுப் பரிசோதனை அறிக்கையையும் மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கொடுத்து, அனுமதி வந்துவிட்டதா என்பதை முதல் நாளே உறுதி செய்துகொள்ள வேண்டும்.

பெட் ஸ்கேனுக்கு வருபவர் நான்கு முதல் ஆறு மணி நேரம் வெறும் வயிற்றில் இருக்க வேண்டும், தண்ணீர் குடிக்கலாம். ஊசி மூலம் செலுத்தப்படுவது குளுக்கோஸைப் போன்ற மருந்து என்பதால், ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 200 மில்லிகிராமைத் தாண்டினால் பெரும்பாலும் ஸ்கேனைத் தள்ளிவைத்துவிடுவார்கள். அனுமதி கையில் இருந்தும் சர்க்கரையால் நாள் தவறுவது நேரக்கூடியதே. அனுமதித் தகவலோடு இந்த முன்னேற்பாடுகளையும் ஒரு தாளில் அச்சிட்டுக் கொடுத்தால் பல அலைச்சல்கள் மிச்சமாகும் என்பது என் கருத்து.

தைராய்டு புற்றுநோய்க்கான அயோடின் சிகிச்சைக்கு இன்னும் முன்னதாகவே ஆயத்தமாக வேண்டும். வழக்கமாக ஒன்று முதல் இரண்டு வாரங்களுக்கு அயோடின் கலந்த உப்பு, கடல் மீன், கருவாடு ஆகியவற்றை நிறுத்தச் சொல்வார்கள். தைராக்ஸின் என்ற தைராய்டு ஹார்மோன் மாத்திரையையும் மருத்துவர் சொல்லும் காலத்துக்கு நிறுத்த நேரலாம். இடையில் வேறொரு மருத்துவமனையில் சாய மருந்து செலுத்திச் சிடி ஸ்கேன் எடுத்திருந்தால் அதைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். அந்தச் சாயத்தில் உள்ள அயோடின், சிகிச்சையின் பயனைக் குறைத்துவிடும் என்பதால் நாள் பல வாரங்கள் தள்ளிப்போகலாம். கருவுற்றிருப்பவர்களுக்கு இச்சிகிச்சை அளிக்கப்படுவதில்லை. பாலூட்டும் தாய்மார்கள் சிகிச்சைக்கு முன்பே பாலூட்டுவதை நிறுத்திவிட வேண்டும்.

கொடுக்கப்படும் அயோடின் மருந்தின் கதிரியக்க அளவு 30 மில்லிகியூரியைத் தாண்டினால், அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிப்படி நோயாளியைத் தனி வார்டில் சேர்க்க வேண்டும். பணம் கட்டினாலும், காப்பீட்டில் வந்தாலும், பரிந்துரைக் கடிதத்தோடு வந்தாலும் இந்த விதி ஒன்றுதான். அந்த அறைக்கென்று உள்ள கழிப்பறையின் கழிவுநீர் நேராகச் சாக்கடைக்குப் போகாமல் தனித் தொட்டிகளில் சேர்க்கப்பட்டு, கதிரியக்கம் தணிந்த பிறகே வெளியேற்றப்படுகிறது. இத்தகைய வார்டுகளில் படுக்கைகள் குறைவு என்பதாலேயே காத்திருப்புப் பட்டியல் நீள்கிறது. உடன் தங்கி உதவ யாருக்கும் அனுமதி இல்லை என்பதால், தாமாக எழுந்து நடமாட இயலாத முதியவரை அழைத்து வருபவர்கள் அதை நாள் குறிக்கும்போதே சொல்லிவிட வேண்டும். உள்ளே நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், ஆண்களும் உட்கார்ந்தே சிறுநீர் கழிக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் இரண்டு தடவை தண்ணீரைத் திறந்துவிட வேண்டும்.

நோயாளியிடமிருந்து ஒரு மீட்டர் தொலைவில் கதிர்வீச்சை அளக்கும் கருவி காட்டும் அளவு மணிக்கு 50 மைக்ரோசீவர்ட் (கதிர்வீச்சின் அலகு) என்ற வரம்புக்குள் வந்த பிறகே வீட்டுக்கு அனுப்புவார்கள். பெரும்பாலோருக்கு இது ஓரிரு நாட்களில், சிலருக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். வீட்டுக்குப் போனதும் துறையினர் குறித்துக் கொடுக்கும் நாட்கள் வரை தனியே படுக்க வேண்டும், குழந்தைகளிடமிருந்தும் கர்ப்பிணிகளிடமிருந்தும் விலகி இருக்க வேண்டும். விமான நிலையத்தில் கதிரியக்கத்தைக் கண்டறியும் கருவி ஒலிக்கக்கூடும் என்பதால், சிகிச்சைச் சான்றைச் சில வாரங்களுக்குக் கையோடு வைத்துக்கொள்வது நல்லது.

குறித்த நாள் தள்ளிப்போனால் காரணத்தைத் தெளிவாகக் கேட்டுப் பெறுங்கள். காப்பீட்டு அனுமதி தாமதமானதுதான் காரணம் என்றால் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் முறையிடலாம்; தீராவிட்டால் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குறைதீர்ப்புக் குழுவுக்கு எழுதலாம். மருந்து வந்து சேராததுதான் காரணம் என்றால் அந்த எண்ணில் பேசிப் பயனில்லை. துறையிலேயே புதிய நாளைக் கேட்டு, ஏற்கெனவே பெற்ற அனுமதி அந்த நாளுக்கும் செல்லுமா என்று காப்பீட்டுப் பிரிவில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.