லாங் கோவிட்: தொற்றுப்பின் நலிவு

கோவிட் காய்ச்சல் விட்டு மாதக்கணக்காகியும் அசதி, மூச்சிரைப்பு, மறதி, மணம் தெரியாமை என ஏதாவதொன்று விடாமல் படுத்தும் நிலைக்கு லாங் கோவிட் என்று பெயர். 'முன்ன மாதிரி முடியல' என்பார்களே, அதுதான்.

பெயர் வைத்தவர்கள் மருத்துவர்கள் அல்லர், நோயாளிகள். இத்தாலியத் தொல்லியலாளர் எலிசா பெரேகோ 2020 மே மாதம் ட்விட்டரில் ஹேஷ்டேக்காக இட்டார், பரவிவிட்டது. 2021 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் வரையறை வகுத்தது: பெரும்பாலும் தொற்று தொடங்கி 3 மாத அளவில் இருப்பது, 2 மாதமாவது நீடிப்பது, வேறு நோயைக் காரணமாகக் காட்ட முடியாதது. அந்தக் கடைசி நிபந்தனையைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். இருமல் 2 வாரம் தாண்டினால் முதலில் காசநோய்க்குச் சளிப் பரிசோதனை செய்யுங்கள். இரத்தசோகை, சர்க்கரை, தைராய்டும் பார்த்துவிட வேண்டும்.

தமிழில் இதை 'நீண்ட கோவிட்' என்று எழுதினால் தொற்று இன்னும் ஒட்டும் என்று அக்கம்பக்கத்தார் ஒதுங்குவார்கள். 'பின்விளைவு' என்றால் தடுப்பூசியை நினைப்பார்கள். 'தொற்றுப்பின் நலிவு' என்பதே சரி. இன்ஃப்ளுயென்சாவுக்குப் பின் வருவதற்கும் பொருந்தும்.

நலிவு என்று சொல்லக் காரணம் உண்டு. இந்த நலிவோடு கரைவலை (கரையில் நின்று இழுக்கும் பெரிய வலை) இழுத்தவருக்கு அன்று ஒன்றும் தெரியாது. மறுநாளோ அதற்கடுத்த நாளோ எழ முடியாமல் கிடப்பார். உழைப்புக்குப் பின் 12 முதல் 48 மணி நேரத்தில் இப்படித் தாக்கும். சிலருக்கு வாரக்கணக்கில் இழுக்கும். இதைச் சோம்பல் என்று ஏசுவது கொடுமை. 'வேலை செய்தால் சரியாகும்' என்று விரட்டினால் இன்னும் மோசமாகும். வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, அசதி வருமுன்பே உட்கார வேண்டும். அடுத்த 2 நாளும் தாங்கினால்தான் அந்த அளவு சரி. இல்லையென்றால் குறைக்க வேண்டும்.

மண்டபம், பாம்பன் பக்கம் பாசி எடுக்கவும், கீழக்கரையில் சங்கு குளிக்கவும் மூச்சடக்கி முங்குகிறவர்களுக்கு இன்னும் கவனம் தேவை. ஆரம்ப சுகாதார நிலையத்தில், விரலில் பல்ஸ் ஆக்சிமீட்டரை மாட்டி, 1 நிமிடம் விடாமல் நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து எழச் சொல்லிப் பார்க்கலாம். ஆக்சிஜன் அளவு 3 புள்ளியோ அதற்கு மேலோ இறங்கினால், டாக்டர் சொல்லும்வரை கடலில் இறங்கக் கூடாது. அளவு இறங்காவிட்டாலும் நெஞ்சுவலி, படபடப்பு, தலைச்சுற்றல் இருந்தால் முங்காதீர்கள். ஈரமாகக் குளிர்ந்த விரலிலும் நகப்பூச்சிலும் கருவி தப்பாகக் காட்டும். துடைத்து, தேய்த்துச் சூடாக்கி மாட்டுங்கள்.

மணம் போனவர்கள் மீன் கெட்டதை மூக்கால் அறிய முடியாது. செவுளின் சிவப்பையும் கண்ணின் தெளிவையும் பார்த்து வாங்க வேண்டும். சிலருக்கு மணம் திரும்பும்போது புரண்டு வரும். பொரித்த மீன்கூடக் கருகலாக அடிக்கும். இதற்குப் பயிற்சி உண்டு. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் தைலம் நான்கையும் காலையும் மாலையும் ஒவ்வொன்றாக 20 வினாடி மெல்ல முகர வேண்டும். குறைந்தது 12 வாரம் விடாமல் செய்ய வேண்டும். முதல் மாதத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று நிறுத்திவிடாதீர்கள்.