பழைய பைக் வாங்குமுன்: ஆர்.சி. புதுப்பிப்பும் பெயர் மாற்றமும்

ஆர்எக்ஸ் 100, யெஸ்டி, ராஜ்தூத் என்று ஆசைப்பட்டு மலிவாக ஒரு வண்டி வாங்கி, அதைவிட இரண்டு மடங்கு செலவழித்துப் புதுசு போல ஆக்கி, கடைசியில் பெயர் மாற்ற முடியாமல் வீட்டுக்குள் மூடி வைத்திருக்கும் பிள்ளைகளை நிறையப் பார்த்துவிட்டேன். எஞ்சின் போனால் சிலிண்டரைக் கடைந்து போர் போட்டுச் சரிசெய்யலாம். ஆர்.சி. எனும் பதிவுச் சான்றிதழ் சிக்கினால் எந்த மெக்கானிக்காலும் முடியாது.

விதி சின்னதுதான். சொந்த வண்டியின் பதிவு 15 வருடத்துக்கு; அதன்பிறகு படிவம் 25 கொடுத்து, வண்டியைக் காட்டி, ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பிக்கலாம். தமிழ்நாட்டில் 15 வருடம் தாண்டிய சொந்த பைக்கை உடைத்தே ஆக வேண்டும் என்று யாராவது பயமுறுத்தி அடிமாட்டு விலைக்குக் கேட்டால் நம்பாதீர்கள்.

சிக்கல் தொடங்குவது இங்கே. ஆர்.சி. காலாவதியான வண்டிக்குப் பெயர் மாற்றம் கேட்டால், முதலில் புதுப்பித்து வா என்பார்கள். புதுப்பிக்கப் போனால், பதிவில் உள்ள உரிமையாளர் எங்கே என்பார்கள். அவரோ மூன்று கைக்கு முன்னால் விற்றவர். ஓடிபி அவருடைய பழைய செல்போன் எண்ணுக்குப் போகும். நடுவில் வாங்கியவர்கள் யாரும் பெயரே மாற்றவில்லை. பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்கள், கையெழுத்து மட்டும் போட்டு வெற்றாக, கைமாறி வந்திருக்கும். இதைத்தான் ‘ஓப்பன் டிரான்ஸ்ஃபர்’ என்று பெருமையாகச் சொல்லி விற்கிறார்கள். தயவுசெய்து அதை வாங்காதீர்கள். ஆர்.சி.யில் பெயர் உள்ளவர் ஆதாரோடு நேரில் வரட்டும், அப்புறம் பணம். அவர் இறந்துவிட்டார் என்றால், வாரிசுச் சான்றிதழும் மற்ற வாரிசுகளின் சம்மதமும் வைத்து, விற்கிறவர் முதலில் தன் பெயருக்கு மாற்றட்டும். அந்த அலைச்சலை நீங்கள் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம்.

விற்கிறவருக்கும் ஒரு வார்த்தை. பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால், இழப்பீட்டுப் பொறுப்பு பதிவில் உள்ளவருக்கே என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் நவீன் குமார் வழக்கில் சொல்லிவிட்டது. வித்து பத்து வருஷம் ஆச்சு சார் என்று சொல்லித் தப்ப முடியாது.

1989-க்கு முந்தைய எண் கொண்ட வண்டி என்றால் இன்னொரு தொல்லை. கையால் எழுதிய பழைய பதிவேடு கணினியில் ஏறியே இருக்காது. அரசின் வாகன விவரத் தளமான பரிவாகனில் எண்ணைப் போட்டுப் பாருங்கள். விவரம் வரவில்லை என்றால், முதலில் பதிந்த ஆர்.டி.ஓ. அலுவலகத்தில்தான் ஏற்றித் தர வேண்டும். அந்த அலுவலகம் இரண்டாகப் பிரிந்திருந்தால் ‘அங்கே போங்க, இங்கே போங்க’தான். பதிவேட்டைப் பத்திரமாக வைப்பது அவர்கள் வேலை, ஆனால் அலைவது நாம். கணினியில் விவரம் ஏறிய பிறகே பணம் கொடுங்கள். பழைய கடன் ஆர்.சி.யில் அப்படியே நிற்கிறதா என்றும் பாருங்கள். நிதி நிறுவனம் மூடிப்போயிருந்தால் தடையில்லாச் சான்று வாங்குவதற்குள் உயிர் போய்விடும்.

பெயிண்டுக்கு அவசரப்படாதீர்கள். வண்டியின் சட்டத்தை, அதாவது ஃபிரேமை, பவுடர் கோட்டிங்குக்குக் கொடுத்தால் அதில் குத்தியிருக்கும் சேசிஸ் எண்ணின் பள்ளம் நிறைந்து, பிரேக் இன்ஸ்பெக்டர் பென்சிலால் தேய்த்து எடுக்கும்போது 3 எது, 8 எது என்று தெரியாது. அந்த இடத்தில் டேப் ஒட்டச் சொல்லுங்கள். எண்ணைத் தாங்களே மறுபடி குத்தினால் திருட்டு வண்டி என்றே சந்தேகப்படுவார்கள். ஆர்எக்ஸ் 100 ஃபிரேமில் ஆர்எக்ஸ் 135 எஞ்சின் ஏற்றியிருந்தால் எஞ்சின் எண் ஒத்துவராது, திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆர்.சி.யில் உள்ள நிறத்தையே அடியுங்கள். ஹாரன், இண்டிகேட்டர், பிரேக் லைட், கண்ணாடி, சத்தம் போடாத சைலன்சர், புகைச் சான்று, நடப்பு காப்பீடு எல்லாம் கட்டாயம் இருக்க வேண்டும்.

செலவு: 20 வருடம் தாண்டிய பைக்குக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2025 ஆகஸ்டிலிருந்து 2,000 ரூபாய். தாமதித்த ஒவ்வொரு மாதத்துக்கும் 300 சேரும். இரண்டு வருடம் விட்டிருந்தால் அதுவே 7,200. பசுமை வரி தனி. விலை பேசும்போதே இதைக் கழியுங்கள்.

‘விண்டேஜ் பதிவு வாங்கித் தர்றேன்’ என்று புரோக்கர் சொன்னால் விலகிவிடுங்கள். அது முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டியவற்றுக்கு. புதிதாகப் பதிய 20,000 ரூபாய். அதற்குப் பிறகும் கண்காட்சி, பேரணி, தொழில்நுட்ப ஆய்வு, பெட்ரோல், பராமரிப்பு தவிர வேறெதற்கும் சாலையில் ஓட்டக் கூடாது. 1985-இல்தான் வந்த ஆர்எக்ஸ் 100-க்கு அது பொருந்தவே பொருந்தாது.

எல்லாம் சரியாக இருந்தும் திருப்பி அனுப்பினால், வாய்வார்த்தையோடு திரும்பி வராதீர்கள். மறுப்பு ஆணையைக் காரணத்தோடு எழுத்தில் கேளுங்கள். அது கையில் இருந்தால் மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 57-இன் கீழ் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.