மெயில் பெட்டிக்கும் தூர் வார வேண்டும்

மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் முந்திரிப்பருப்பு ஏற்றுமதி செய்யும் ஒரு சிறிய அலுவலகம். போன ஆனி மழையில் ஒருநாள் காலையில் அங்கிருந்து போன் வந்தது. வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்குபவர் அனுப்பிய மெயில், இவர்கள் பெட்டி நிறைந்துவிட்டதால், மூன்று தடவை திரும்பிப் போயிருக்கிறது. கடைசியில் அவர் போன் செய்து கேட்ட பிறகுதான் இவர்களுக்கே விஷயம் தெரிந்தது. நான் போனபோது கணக்குப் பார்க்கும் அக்கா கணினி முன்னால் களைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். "தம்பி, ரெண்டு நாளா இருந்து நாலாயிரம் மெயில் அழிச்சாச்சு. பெட்டி கொஞ்சம்கூட இறங்கல்லியே" என்றார்.

இரண்டு நாள் உழைப்பு அப்படி வீணாவதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருந்தது. மெயில் பெட்டி எதனால் நிறைகிறது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. நம்மில் பலருக்கும் யாரும் சொன்னதில்லை.

நம் குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இதைக் குளத்தை வைத்துச் சொல்வது சுலபம். தேரூர் பக்கமோ புத்தேரி பக்கமோ போகும்போது குளத்தின்மேல் ஆகாயத்தாமரை பச்சைப் பாய் விரித்ததுபோல் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். கண்ணுக்குத் தெரிகிற தொல்லை அது. ஆனால் குளத்தின் கொள்ளளவைத் தின்பது அடியில் படியும் வண்டல். ஆகாயத்தாமரையை முழுக்க அள்ளிப் போட்டாலும் வண்டல் அப்படியே கிடந்தால், அடுத்த மழைக்கே குளம் மறுகால் பாயும். மெயில் பெட்டியிலும் இந்த இரண்டு தொல்லைகளும் உண்டு. விளம்பர மெயில், அறிவிப்பு மெயில் எல்லாம் ஆகாயத்தாமரை. இணைப்போடு வரும் பெரிய மெயில்கள்தான் வண்டல். அக்கா இரண்டு நாளாக அள்ளிக்கொண்டிருந்தது ஆகாயத்தாமரையை.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எழுத்து மட்டும் உள்ள மெயில் ஒன்று 20 கே.பி. என்று வைத்துக்கொண்டால், நாலாயிரம் மெயிலும் சேர்ந்து 80 எம்.பி. அந்த அலுவலகம் வைத்திருந்தது கூகுளின் இலவசக் கணக்கு. அதன் கொள்ளளவு 15 ஜி.பி. அதில் 80 எம்.பி. என்பது அரை சதவீதம். படம் படமாக வரும் விளம்பர மெயில்கூட நாம் நினைக்கிற அளவுக்குக் கனமில்லை. அந்தப் படங்கள் பெரும்பாலும் கடைக்காரரின் சர்வரில்தான் இருக்கும். மெயிலில் இருப்பது அவற்றின் முகவரி மட்டும். திறக்கும்போதுதான் படம் அங்கிருந்து வந்து இறங்குகிறது.

அந்த அரை சதவீதம்கூட ஏன் இறங்கவில்லை? அழித்த மெயில் உடனே போய்விடுவதில்லை. குப்பைத் தொட்டிக்கு இடம் மாறி, ஜிமெயிலில் 30 நாள் அங்கேயே கிடக்கும். அதுவரை அதுவும் கொள்ளளவில் சேர்த்தி. தொட்டியையும் காலி செய்தால்தான் இடம் கிடைக்கும். இன்னொன்றும் இருந்தது. அந்த 15 ஜி.பி. மெயிலுக்கு மட்டும் உரியதல்ல. கூகுள் டிரைவுக்கும் போட்டோஸுக்கும் சேர்த்துத்தான். ஒரே குளத்துக்கு மூன்று வாய்க்கால். அலுவலகப் போனில் எடுத்த பருப்புப் படங்கள் எல்லாம் அதே கணக்கில் தானாகவே ஏறிக்கொண்டிருந்தன. இதைச் சிறிய அலுவலகங்களில் அடிக்கடி பார்க்கிறேன்.

சரி, வண்டல் எப்படிப் படிகிறது? இங்கேதான் மெயிலின் பழைய கதை ஒன்று வருகிறது.

கணினிகளுக்கிடையே முதல் மெயிலை 1971ல் ரே டாம்லின்சன் அனுப்பினார். மெயில் போக்குவரத்துக்கு ஜான் போஸ்டல் 1982ல் எழுதிய விதிமுறை, எழுத்தை மட்டும், அதிலும் ஆங்கில எழுத்தை மட்டும் மனதில் வைத்து எழுதப்பட்டது. ஓர் எழுத்துக்கு 7 பிட், அதாவது 0 அல்லது 1 என்ற ஏழு இலக்கம். அதில் 128 குறிகள்தான் அடங்கும். படம், ஒலி, தமிழ் எதற்கும் அந்தப் பாதையில் இடமில்லை. 1992ல் நதானியேல் போரன்ஸ்டைனும் நெட் ஃப்ரீடும் ஒரு வழி கண்டார்கள். பாதையை மாற்ற முடியாது. அதனால் போகும் பொருளுக்கு எழுத்து வேடம் போட்டார்கள். அந்த ஆண்டு மார்ச் 11ஆம் தேதி போரன்ஸ்டைன் தன் பாட்டுக் குழுவின் படத்தையும் பாட்டையும் இணைத்து அனுப்பினார். இன்று நாம் அனுப்பும் இணைப்புகளும் அதே வேடத்தில்தான் போகின்றன.

வேடத்தின் பெயர் பேஸ் 64. எந்தக் கோப்பும் பைட்டுகளின் வரிசை. ஒரு பைட்டுக்கு 8 பிட். மூன்று பைட்டை எடுத்தால் 24 பிட். அதை ஆறு ஆறு பிட்டாக வெட்டினால் நாலு துண்டு. ஆறு பிட்டில் 64 விதம்தான் சாத்தியம். ஆங்கிலப் பெரிய எழுத்து 26, சின்ன எழுத்து 26, எண்கள் 10, கூட்டல் குறியும் சாய்கோடும் 2, மொத்தம் 64. ஒவ்வொரு துண்டுக்கும் இவற்றில் ஒன்று என்று வைத்து அனுப்புகிறார்கள்.

'க' என்ற எழுத்தை எடுத்துக்கொள்வோம். எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் யூனிகோடின் யு.டி.எஃப்-8 முறையில் இது மூன்று பைட்: 11100000, 10101110, 10010101. ஆறு ஆறாக வெட்டினால் 111000, 001010, 111010, 010101. எண்ணாக மாற்றினால் 56, 10, 58, 21. அட்டவணையில் பார்த்தால் கிடைப்பது: நாலு, கே, ஆறு, வி. நம் 'க' மெயிலுக்குள் இந்த நாலு குறியாகப் போய், எதிர்முனையில் மறுபடி 'க' ஆகிறது. தமிழின் எந்த எழுத்தானாலும், கொம்பு, கால், புள்ளி ஆனாலும், இந்த மூன்று பைட் வரிசையில் முதல் பன்னிரண்டு பிட் ஒன்றேதான். அதனால் எல்லாமே 'நாலு, கே' என்றுதான் தொடங்கும். சில நேரம் மெயிலின் தலைப்பு உடைந்து, நாலு கே, நாலு கே என்று புரியாத எழுத்தாக வருமே, அது வேடம் கலைக்கப்படாமல் நிற்கிற தமிழ். எனக்கு அதைப் பார்த்தால் கொஞ்சம் சந்தோஷமாகவே இருக்கும். ஆங்கிலத்துக்காக மட்டும் வெட்டிய வாய்க்காலில் நம் எழுத்து வழி கண்டுபிடித்துப் போன அடையாளம் அல்லவா அது.

ஆனால் வேடத்துக்கு விலை உண்டு. 3 பைட் போன இடத்தில் 4 பைட் போகிறது. 76 குறிக்கு ஒருமுறை அடுத்த வரிக்குப் போகச் சொல்லும் குறியையும் சேர்த்தால் கோப்பு ஏறக்குறைய 37 சதவீதம் பருத்துவிடும். 6 எம்.பி. கோப்பு மெயிலுக்குள் 8 எம்.பி.யைத் தாண்டும். "எல்லை 10 எம்.பி.ன்னு சொல்றாங்க, என் கோப்பு 8 தானே, ஏன் போகமாட்டேங்குது?" என்று பலர் கேட்பதற்கும் பதில் இதுதான்.

இந்தப் பருமனோடு நகல்களும் சேர்கின்றன. ஒரு கன்டெய்னர் தூத்துக்குடிக்குக் கிளம்பும்போது விலைப்பட்டியல் (இன்வாய்ஸ்), பேக்கிங் விவரம், பில் ஆஃப் லேடிங் என்ற கப்பல் சரக்கு ரசீதின் வரைவு, தாவர நலச் சான்றிதழ் எல்லாம் சேர்ந்த ஒரே பி.டி.எஃப். போகும். அந்த அலுவலகத்தில் அது 6 எம்.பி. முதலாளிக்கும் கணக்காளருக்கும் நகல். அப்புறம் நிகர எடையில் ஒரு திருத்தம், கன்டெய்னர் எண்ணில் ஒரு திருத்தம். ஒவ்வொரு தடவையும் முழுக் கட்டும் மறுபடி போகும். மூன்று தடவை, அனுப்பியவர், முதலாளி, கணக்காளர் என்று மூன்று பெட்டி: ஒன்பது நகல், 74 எம்.பி. அக்கா இரண்டு நாள் உட்கார்ந்து அழித்த நாலாயிரம் மெயிலும், ஒரே ஒரு சரக்கின் காகிதமும் கிட்டத்தட்ட ஒரே கனம். பதில் அனுப்பும்போது பொதுவாக இணைப்பு கூடப் போகாது. ஃபார்வர்டு செய்தால் போகும். அனுப்பிய மெயில் பகுதியை யாரும் திறந்தே பார்ப்பதில்லை. பல அலுவலகங்களில் வண்டல் அதிகம் படிந்திருப்பது அங்கேதான்.

ஆகவே பெட்டி நிறைந்தால் தேதி வரிசையில் போகாதீர்கள். ஜிமெயிலில் தேடல் கட்டத்தின் ஓரத்தில் உள்ள வடிகட்டியைத் திறந்து, அளவு 5 எம்.பி.க்கு மேல் என்று கொடுங்கள். அவுட்லுக்கில் அளவு வாரியாக அடுக்கலாம். அரை மணி நேரத்தில் தூர் வாரிவிடலாம். ஆனால் அழிக்கும் முன் ஒரு எச்சரிக்கை. ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குப் பதிவுகளை, அந்த ஆண்டுக்கான ஆண்டறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். எனவே இறுதி விலைப்பட்டியலைத் தனியாகச் சேமித்து, இரண்டு இடத்தில் வைத்துவிட்டு, அப்புறம் மெயிலை அழியுங்கள்.

இரண்டு இடம் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. பல வருடங்களுக்கு முன் நாகர்கோவிலில் ஓர் அலுவலகத்தில், சர்வரில் இடம் மிச்சமாகட்டும் என்று பாப் முறையில் மெயிலை இறக்கி வைத்திருந்தார்கள். பாப் முறையில் மெயில் கணினிக்கு வந்ததும் சர்வரில் அழியும்படி அமைக்கலாம்; அப்படித்தான் அமைத்திருந்தார்கள். ஐப்பசி மாதம் ஒரு சாயங்காலம் இடி இறங்கி ஹார்ட் டிஸ்க் போனது. ஐந்து வருடக் கடிதப் போக்குவரத்தும் அதோடு போனது. ஐமேப் முறையில் மூலம் சர்வரிலேயே இருக்கும், கணினியில் தெரிவது அதன் பிரதி. அலுவலகத்துக்கு அதுதான் நல்லது.

இனி ஆகாயத்தாமரை. இது இடத்தை அடைக்காது, கண்ணை அடைக்கும். வாங்குபவரின் மெயில் நாற்பது விளம்பரத்துக்கு நடுவே ஒளிந்துகொள்ளும். ஆகாயத்தாமரையைக் கொஞ்சம் விட்டுவைத்தாலும் மறுபடி பரவுவதுபோல, விளம்பரத்தை ஒவ்வொன்றாக அழிப்பதில் பயன் இல்லை. தெரிந்த கடை, தெரிந்த வங்கி என்றால் மெயிலிலேயே உள்ள சந்தா விலக்கை (அன்சப்ஸ்கிரைப்) அழுத்துங்கள். முன்பின் தெரியாத ஆள் அனுப்பியதென்றால் அதை அழுத்தக் கூடாது. இந்த முகவரியில் ஆள் இருக்கிறது என்று அவனுக்கு நாமே சொன்னதாகிவிடும். அதை ஸ்பேம் என்று குறித்தால் போதும்.

பலர் செய்யும் இன்னொரு காரியம், வாடிக்கையாளருக்கு ஒன்று, மாதத்துக்கு ஒன்று என்று ஐம்பது கோப்புறை போடுவது. என் அனுபவத்தில் இது தேவையில்லை. 2011ல் ஐபிஎம் ஆய்வாளர்கள் 345 பேர் பழைய மெயிலை 85,000க்கும் மேற்பட்ட தடவை தேடி எடுத்ததைக் கவனித்தார்கள். கோப்புறை போட்டு அடுக்கியவர்கள் மற்றவர்களைவிடச் சிறப்பாகக் கண்டுபிடிக்கவில்லை. காரணம் தேடல் வேலை செய்யும் விதம். மெயில் வந்ததுமே சர்வர் அதைச் சொல் சொல்லாகப் பிரித்து, எந்தச் சொல் எந்த மெயிலில் இருக்கிறது என்று, புத்தகத்தின் கடைசியில் வரும் சொல்லடைவுபோல எழுதி வைத்துக்கொள்கிறது. நாம் இரண்டு சொல் கொடுத்தால் அது மெயில்களைப் படிப்பதில்லை. இரண்டு பட்டியலிலும் பொதுவாக உள்ளதை எடுத்துத் தருகிறது, அவ்வளவுதான்.

அதனால் சொல் சரியாக இருக்க வேண்டும். நாகர்கோவில் என்று ஒருவர் எழுதுவார், நாகர்கோயில் என்று இன்னொருவர். குளச்சலையும் கொளச்சல் என்பார்கள். சொல்லடைவுக்கு இவை வேறு வேறு சொற்கள். ஸ்கேன் செய்த காகிதமோ ஒரு படம். அதிலுள்ள எழுத்து தேடலில் எப்போதும் அகப்படும் என்று நம்பியிருக்க முடியாது. எனவே மெயிலின் தலைப்பிலேயே விலைப்பட்டியல் எண், கன்டெய்னர் எண், பருப்பின் ரகம் மூன்றையும் எழுதச் சொன்னேன். டபிள்யூ 320 என்றால் ஒரு பவுண்டுக்கு 300 முதல் 320 வரை முழுப் பருப்பு. அந்தத் தொழிலில் எல்லாரும் ஒரே மாதிரி எழுதுகிற சொல் அது. தேடலுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

கடைசியாக ஸ்கேனரைப் பார்த்தோம். அது முழு வண்ணத்தில் அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைக்கப்பட்டிருந்தது. ஒரு ஏ4 தாள் அப்படி எடுத்தால் 2480க்கு 3508 புள்ளி, புள்ளிக்கு 3 பைட், சுருக்குவதற்கு முன் 26 எம்.பி. அதையே கறுப்பு வெள்ளையில் 200 புள்ளியாக எடுத்தால், புள்ளிக்கு ஒரு பிட்தான், அரை எம்.பி.க்கும் குறைவு. முத்திரையும் கையெழுத்தும் தெளிவாகவே தெரிகின்றன. இரண்டையும் அக்கா ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் ஒரு துண்டுக் காகிதத்தில் 'கறுப்பு வெள்ளை, 200' என்று எழுதி ஸ்கேனர் மூடியில் ஒட்டினார். பழைய பெரிய மெயில்களை இரண்டு தனித்தனி டிஸ்கில் எடுத்துவைத்து, பெட்டியிலிருந்து அழித்துவிட்டு, குப்பைத் தொட்டியையும் காலி செய்தோம். மத்தியானம் வாங்குபவருக்குச் செய்தி அனுப்பி மறுபடி அனுப்பச் சொன்னார்கள். நாலு மணிக்கு மெயில் வந்து விழுந்தது.